வழக்கம்போல் பயன்படுத்தி வரவும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வருத்தம் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுடையது மெத்தை செய்து விற்கும் கம்பெனி. வாங்கியவர்கள் குறை சொல்லி எழுதும் கடிதங்களுக்கெல்லாம் பதில் போடுவது அவர் வேலை. ஒவ்வொரு பதிலும் "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று தொடங்கும். பதினைந்து வருடம் தினமும் அறுபது தடவை வருந்திய மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் கீழ்த்தளத்தில் தபால் மேசை. என்னை முத்திரை அக்கா என்பார்கள். வருகிற கடிதத்தைப் பிரிப்பேன், முதல் வரியைப் படிப்பேன், பதிவேட்டில் எண் போட்டு முத்திரை குத்தி அதற்குரிய தட்டில் எறிவேன். ஒரு நாளைக்கு இருநூறு கடிதம். முழுசாகப் படித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். "பொறுத்தது போதும்" என்றோ "இனியும் முடியாது" என்றோ ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு மேல்மாடிக் குறைத் தட்டுதான். என் கையின் வேகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் என்ன வேலை செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், குறைகள் தபால் மூலம் மட்டுமே ஏற்கப்படும் என்று அச்சடித்திருக்கிறார்கள். கோபம் உறைக்குள் போய், தபால்பெட்டிக்குள் விழுந்து, எங்களிடம் வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிடும் என்பது எங்கள் மேலாளரின் நினைப்பு. அவரைக் கண்ணாடி என்போம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் யாரையும் பார்ப்பார். அதைக் கண்ணில் போட்டுக்கொண்டு அவர் பார்த்து நான் கண்டதில்லை.

வருத்தம் சார் ஆரம்பத்தில் மேசைக்காரர் இல்லை. முதல் நான்கு வருடம் கையில் ஒரு மரக்கோலோடு வீடு வீடாகப் போய் மெத்தையில் விழுந்த பள்ளத்தை அளக்கிற வேலை. எங்கள் கம்பெனி விதி இதுதான். மெத்தையின் மேல் கோலைக் குறுக்கே வைக்க வேண்டும். கோலுக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடிந்தால் அது குறை, மெத்தையை மாற்றித் தர வேண்டும். நுழையாவிட்டால் அது இயல்பான படிவு. படுத்து எழுந்தது உங்கள் குற்றம். இந்த மனிதர் என்ன செய்வார் தெரியுமா? சுண்டுவிரலையும் மோதிர விரலையும் வைத்து அளப்பார். அவருக்கு விரல்கள் வேறு பென்சில் மாதிரி. அவர் போன வீட்டிலெல்லாம் பள்ளம் இருந்தது, எல்லோருக்கும் புது மெத்தை கிடைத்தது. படுக்கையறை வரை வந்த ஆளிடம் ஜனங்கள் எதையும் மறைக்க மாட்டார்கள் இல்லையா. முதுகுவலியில் ஆரம்பித்து மாமியார் வரை சொல்லி அழுவார்களாம். அந்த நான்கு வருடக் கதைகளைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மேலே எழும்பும்.

கண்ணாடி இதைக் கண்டுபிடித்த அன்றே கோலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளை மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்த்தி வைத்தார். ஏழு மாதிரிக் கடிதங்களைக் கையில் கொடுத்தார். ஒன்றாம் எண், கடிதம் கிடைத்தது என்பது. நான்காம் எண்தான் அதிகம் போகும். "உங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது. அதுவரை மெத்தையை வழக்கம்போல் பயன்படுத்தி வரவும்." ஏழாம் எண் ஒன்று இருந்தது. "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. இந்தக் கடிதம் கையொப்பமான அன்றே நிறைவேற்றப்படும்." அதை எடுத்தால் அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்பதால் அது தூசி படிந்து அடியில் கிடந்தது.

தினமும் மூன்று மணிக்கு அறுபது பதில்களையும் அடுக்கிக் கண்ணாடியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோவார். கண்ணாடி ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டே, காகிதத்தைப் பார்க்காமல், ஓரத்தை விரலால் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். நான் முதல் வரியாவது படிக்கிறேன்.

நாலு மணிக்கு டீ குடிக்க அவர் கீழே வருவார். என் மேசைக்குப் பக்கத்தில் சுவரோரமாக நிற்பார், உட்கார மாட்டார். ஒரு நாள் தன் மகள் கேட்ட கேள்வியைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வெளியூர் கூட்டிப் போகிறார்கள், போகட்டுமா என்று மகள் கேட்டிருக்கிறாள். இவர் வாயிலிருந்து "உரிய கவனம் செலுத்தப்படும்" என்று வந்துவிட்டதாம். மகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இவர் சிரிக்கவில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை அக்கா, தானாக வந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.  அன்றுதான் வாய் திறந்து சொன்னேன்.

"விட்டுத் தொலைங்களேன் சார் இந்த வேலைய. என்ன பெருசா கிழிச்சிட்டோம் இங்க?"

அவர் டீக் கோப்பையை என் மேசையில் வைத்தார். பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாராம். அதற்கப்புறம் ஆறு வருடம் குடும்பம் மொத்தமும் பெரியப்பா வீட்டுப் பின்னறையில் கிடந்திருக்கிறது. பெரியம்மா சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்துகொள்வாளாம். கல்யாணம் பேசியபோது அவள் இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குடிக்காதீங்கன்னு கூட அவ கேக்கல. வேலைய விட்டுட்டு மட்டும் வந்து நிக்காதீங்கன்னு கேட்டா. சரின்னு கையில அடிச்சுக் கொடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டில் பேசுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று கத்தினேன். சொல்வதற்கு உங்களுக்காவது ஓர் ஆள் இருக்கிறது, எனக்கு அதுகூடக் கிடையாது என்றேன். பார்க்கலாம் என்று மேலே போய்விட்டார். கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு அந்தப் பார்சல் வந்தது. ஒரு பெண்மணி இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தவர். வருத்தம் சார் அவருக்கு அனுப்பிய ஒன்பது பதில்களையும் ஒன்றாகக் கட்டி, ஒரே மாதிரி இருந்த வரிகளையெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். கூட ஒரு துண்டுச் சீட்டு. "இந்த ஒன்பதையும் எழுதியது ஒரே ஆளாக இருந்தால், நான் அவருக்காக வருந்துகிறேன்." திட்டி எழுதுவார்கள், சாபம் விடுவார்கள், ஒருவர் மெத்தையிலிருந்து ஒரு பிடி பஞ்சைப் பிய்த்துக்கூட அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற வருத்தம் சார், இந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் அலைந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை அவர் கடைசி நாளன்று மாடிப்படியில் நின்று சொன்னார். அது நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் தட்டச்சு செய்து மூன்று முறை கண்ணாடியின் அறை வரை போயிருக்கிறார். முதல் தடவை கண்ணாடி நிமிராமலே, வந்தது நல்லதாயிற்று என்று நாற்பது கடிதங்களைக் கூடுதலாகக் கையில் திணித்தார். இரண்டாம் தடவை, உங்கள் எழுத்தால்தான் கம்பெனி தப்பித்துக்கொண்டிருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார். மூன்றாம் தடவை கதவு திறந்துதான் இருந்தது, இவருக்குத்தான் கால் நகரவில்லை. வேறு வேலை எதுவும் பார்த்து வைக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயது. கையிலிருந்த காகிதம் வேர்வையில் ஈரமாகிவிட்டதாம்.

கடைசியில் என்ன செய்தார்? ஒழுங்காகத் தன் வீட்டு முகவரியை மேலே அடித்து, உறையில் போட்டு ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டார். கம்பெனிக்கு எழுதுகிற எல்லா ஜனங்களையும் போல. நேரே கொடுக்கத் தைரியம் இல்லாதவர்களுக்குத்தானே தபால் இருக்கிறது.

அந்தக் கடிதம் இரண்டு நாளில் என் மேசைக்கு வந்தது. முதல் வரி: "பத்தொன்பது வருடங்களாகப் பொறுத்துக்கொண்டேன். இனியும் முடியாது."

நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எண் போட்டேன், முத்திரை குத்தினேன், குறைத் தட்டில் எறிந்தேன். பத்தொன்பது வருடமாக ஒரே மெத்தையா, கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. கீழே யார் பெயர் என்று பார்க்கவில்லை.

வருத்தம் சாரின் ராஜினாமா, வருத்தம் சாரின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

எண் போட்ட கடிதத்துக்கு மூன்று நாளுக்குள் பதில் போயாக வேண்டும், போகாவிட்டால் பதிவேட்டில் சிவப்புக் குறி விழும். அவர் அதைக் கையில் எடுத்து மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். கிழித்துப் போட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடியிடம் போயிருக்கலாம். அவர் நான்காம் எண்ணை எடுத்தார். தன் பெயரையும் முகவரியையும் நிரப்பினார். உங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது, அதுவரை மெத்தையை வழக்கம்போல் பயன்படுத்தி வரவும். மூன்று மணிக் கட்டில் அதுவும் போனது, கண்ணாடி கையெழுத்துப் போட்டார், உறையில் போய்விட்டது. ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். கை பழகிவிட்டது அக்கா என்றார். அதைப் போட்டதும் நிம்மதியாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

பதில் போன கடிதங்கள் என்னிடம் திரும்பி வரும். எண் பார்த்துக் கோப்பில் செருகுவேன். எண்தான் பார்ப்பேன்.

நாலு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மருந்துக்கடையின் நீல மேலங்கி போட்டிருந்தாள், கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். கையில் எங்கள் உறை. தன் வீட்டுக்காரர் இங்கேதான் மாடியில் வேலை செய்கிறார் என்று சொன்னாள். யாரென்று சொன்னதும் நான் எழுந்து நாற்காலி போட்டேன். அவள் முகத்தில் சிரிப்பு. எங்கள் வீட்டு மெத்தையிலும் பெரிய பள்ளம், மாற்றக் கேளுங்கள் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாயே திறக்க மாட்டார், கடைசியில் பாருங்கள், எனக்குத் தெரியாமல் சொந்தக் கம்பெனிக்கே தபாலில் குறை எழுதிப் போட்டிருக்கிறார் என்றாள். எப்போது மாற்றித் தருவீர்கள் என்று கேட்டுப் போகலாமென்று வந்தாளாம்.

எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் செய்யக்கூடியவர்தான் என்று தோன்றியது. வந்தவளிடம் என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டுமே. எண்ணைப் பார்த்தேன், எழுந்து போனேன், அரை நிமிடத்தில் கோப்பை உருவி, என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்களே பாருங்கள் என்று அவள் கையில் கொடுத்தேன். படித்துப் பார்க்காமல். இரண்டாவது தடவையாக.

அவள் நின்றபடியே படித்தாள். முதலில் சிரிப்பு போனது. பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப மேலிருந்து படித்தாள். என்னம்மா என்று நான் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் என் முத்திரைக்குக் கீழே இருந்த மீதி வரிகளைப் படித்தேன்.

"வேலையை விடுகிறேன். வேறு வேலை பார்த்து வைக்கவில்லை. என் மனைவிக்கு இது தெரியாது. அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கை மீறுகிறேன். இந்தக் கம்பெனிக்காக நான் எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன். உண்மையாக வருந்துவது இதற்கு மட்டும்தான்."

 பிடுங்கி மறைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது இனி? ஒருவர் வீட்டு ரகசியத்தை எண் போட்டுக் கோப்பில் வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் உட்கார்ந்தாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"இதுக்கு பதில் எழுதினது யாரு?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? எழுதியதும் அவர், பதில் போட்டதும் அவர், குறைத் தட்டில் போட்டது மட்டும் நான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழக்கம்போல் பயன்படுத்தி வரவும் என்ற வரியை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். அழவில்லை. வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் தெரியுமா என்று ஆரம்பித்தாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றி என்கிறாராம். காய்ச்சல் வந்து படுத்தபோது நெற்றியில் கை வைத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றாராம். இவள் தன் அப்பாவைப் பற்றியும் சொன்னாள். வேலையை விட்டு வந்து நின்ற அந்த மனுஷனை அம்மாவும் மன்னிக்கவில்லை, தானும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று, அவர் ஏன் விட்டார் என்று கடைசி வரை வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை என்றாள்.

பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மருந்துக்கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பேப்பர் குடுங்கக்கா."

கொடுத்தேன். என் மேசை ஓரத்திலேயே குனிந்து எழுதினாள். மடித்தாள், ஒட்டக்கூட இல்லை. எந்தத் தட்டில் போட வேண்டுமோ போடுங்கள் என்று என் முன்னால் வைத்தாள். மேலே போய் அவரைப் பாருங்களேன் என்றேன். பார்க்க மாட்டேன், பார்த்தால் திட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

அந்தக் கடிதத்தை மட்டும் நான் முழுசாகப் படித்தேன். அப்படியே சொல்கிறேன்.

"மேலாளர் அவர்களுக்கு. பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டு ஆள் ஒருவரை வழக்கம்போல் பயன்படுத்தி வருகிறீர்கள். தினமும் மாலையில் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், ஆனால் வந்து சேர்வது அவர் இல்லை. பள்ளம் இரண்டு விரலைத் தாண்டிவிட்டது, நான் அளந்துவிட்டேன். அவரிடம் வாங்கிய வாக்கை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாற்று எதுவும் வேண்டாம். அவரையே அனுப்பி வையுங்கள்."

எண் போட்டேன். முத்திரை குத்தினேன், கொஞ்சம் கோணலாக விழுந்தது. தட்டில் போடவில்லை. நானே மாடி ஏறிப் போய் அவர் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு அவர் கட்டோடு கண்ணாடியின் அறைக்குப் போனார். கண்ணாடி போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டார். அறுபதில் முப்பத்தேழாவதாக ஏழாம் எண் இருந்தது. உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, இந்தக் கடிதம் கையொப்பமான அன்றே நிறைவேற்றப்படும். மருந்துக்கடைக்கார அம்மாளின் பெயருக்கு. கண்ணாடி அதிலும் போட்டார்.

அவர் அந்த ஒன்றை மட்டும் உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மாடிப்படியில் நின்று, நான் முன்பு சொன்ன ராஜினாமாக் கதையையெல்லாம் என்னிடம் சொன்னார். கடைசியாக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதிலுக்கு வருந்தவில்லை.

"நீங்க முழுசா படிச்சிருந்தா அது கண்ணாடிகிட்ட போயிருக்கும். அவர் தட்டிக்கொடுத்திருப்பார். நானும் மறுபடி மேல என் மேசைக்கே போயிருப்பேன்."

அப்படியே வாசலைத் தாண்டிப் போனார். தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கண்ணாடி குதிகுதி என்று குதித்தார், பிறகு பதிவேட்டுக்காக நான் எடுத்து வைத்திருந்த நகலில் தன் கையெழுத்தைத் தானே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அன்றுதான் அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வருத்தம் சாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அந்த அம்மாள் மருந்துக்கடையில் கூடுதல் நேரம் நிற்கிறாள். மாத்திரை வாங்கப் போனபோது விசாரித்தேன். நேற்று சாப்பாடு நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், பெரிய சண்டை என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் எல்லாக் கடிதமும் பழக்கம் என்று கண்ணாடி மாடிக்கு ஏற்றிவிட்டார். ஜன்னல் கிடையாது. பதினைந்து வருடம் அவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கை குழிந்து போயிருக்கிறது, நான் அதற்குள் சரியாகப் பொருந்திக்கொள்கிறேன். நான்காம் எண்ணை இப்போதெல்லாம் பார்க்காமலே அடித்துவிடுவேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி ஏதோ கேட்டாள், கவனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கே என் கடிதத்தையும் எழுதிவிட்டேன். பையிலேயே இருக்கிறது. கீழே தபால் மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், என்னைவிட வேகம். நான் தபாலில் போட்டால் எண் விழுந்து, முத்திரை விழுந்து, நேரே என் தட்டுக்குத்தான் வரும். அது பரவாயில்லை, அவருக்கும் அப்படித்தான் வந்தது. அவருக்கு இரண்டாவதாக ஒரு கடிதம் வந்தது. எனக்கு அதை எழுத வீட்டில் ஆள் இல்லை.